சக்கரத்தின் அளவுக்கு யார் பொறுப்பு?

ஃபார்முலா ஒன் பந்தயக் கார்களின் டயர்கள் 2026 ஆம் ஆண்டுக்கான விதிகளின்படி மெலிந்துவிட்டன. முன்சக்கர டயரின் அகலம் 305 மி.மீ. அளவிலிருந்து 280 மி.மீ. ஆகவும், பின்சக்கர டயரின் அகலம் 405 மி.மீ. அளவிலிருந்து 375 மி.மீ. ஆகவும் குறைக்கப்பட்டுள்ளது. காரின் குறைந்தபட்ச எடையும் ஏறத்தாழ 30 கிலோ குறைக்கப்பட்டிருக்கிறது. எடையையும் காற்றின் எதிர்ப்பையும் குறைப்பதே இதன் நோக்கம். 2017 ஆம் ஆண்டில் டயர்களை அகலப்படுத்தியதும், பல பத்தாண்டுகளாக 13 அங்குலமாக இருந்த சக்கரத்தை 2022 ஆம் ஆண்டில் 18 அங்குலமாக்கியதும் இதே பந்தயத்தின் விதிகள்தாம். உலகின் மிக வேகமான கார்களை வடிவமைப்பவர்களே, அகலத்துக்கு ஓர் எல்லை உண்டு என்று இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால், சாலையில் ஓடும் கார்களின் நிலை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஆண்டுதோறும் சக்கரங்கள் பெரிதாகின்றன, டயரின் பக்கச்சுவர் மெலிகிறது, அகலம் கூடுகிறது. ஸ்போர்ட்ஸ் கார்களில் தொடங்கிய இந்த மோகம் இன்று சிறிய குடும்பக் கார்கள் வரை பரவியிருக்கிறது. கார் வாங்கிய மறுவாரமே தொழிற்சாலை பொருத்தித் தந்த சக்கரங்களைக் கழற்றிவிட்டு, ஓரிரு அங்குலம் பெரிய அலாய் வீல்களைப் பொருத்திக்கொள்ளும் இளைஞர்களை எல்லா நகரங்களிலும் காணலாம். இந்தியாவும் பிரிட்டனும் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தம், நூறு விழுக்காட்டுக்கும் மேலாக இருந்த கார் இறக்குமதி வரியைக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் படிப்படியாக 10 விழுக்காடு வரை குறைக்க வழிசெய்கிறது. உயர்வேகக் கார்கள் நம் சாலைகளுக்கு மேலும் வரவிருக்கும் காலம் இது.

இந்நிலையில் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு காருக்கு எந்த அளவு சக்கரமும் டயரும் பொருந்தும் என்பதை முடிவுசெய்யும் பொறுப்பு யாருடையது? உரிமையாளரின் ரசனையா, கடைக்காரரின் பரிந்துரையா, தயாரிப்பாளரின் கையேடா, அரசின் சட்டமா? இன்று நம் நாட்டில் இதற்குத் தெளிவான விடை இல்லை என்பதே உண்மை.

டயரின் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டிருக்கும் எண்களைப் பெரும்பாலோர் ஒருமுறைகூடப் படித்ததில்லை. 215/45 ஆர்17 என்று இருந்தால், 215 என்பது மி.மீட்டரில் டயரின் அகலம். 45 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பதைக் குறிக்கும். 17 என்பது டயர் அமரும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அடுத்து வரும் 87 டபிள்யூ போன்ற குறியில், 87 என்பது அந்த டயர் 545 கிலோ எடையைத் தாங்கும் என்பதையும், டபிள்யூ என்பது மணிக்கு 270 கி.மீ. வேகம் வரை அது தாங்கும் என்பதையும் சொல்கின்றன. இவற்றில் ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஜப்பானின் டொயோட்டா ஜிஆர்86 என்னும் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். இதன் ஒரு வகை 215/45 ஆர்17 டயருடனும், விலை கூடிய மற்றொரு வகை 215/40 ஆர்18 டயருடனும் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. முதல் டயரின் மொத்த விட்டம் 625.3 மி.மீ.; இரண்டாவதன் விட்டம் 629.2 மி.மீ. ரிம் ஓர் அங்குலம் பெரிதாகியும் மொத்த விட்டத்தின் வேறுபாடு 4 மி.மீட்டருக்கும் குறைவு. அதாவது 0.6 விழுக்காடு. ரிம்மைப் பெரிதாக்கிய பொறியாளர்கள் பக்கச்சுவரை அதே அளவுக்குக் குறைத்துக் கணக்கைச் சரிசெய்திருக்கிறார்கள்.

இதே காரின் உரிமையாளர் ஒருவர் 17 அங்குலத்துக்குப் பதிலாக 18 அங்குலச் சக்கரத்தை வாங்கி, 45 என்ற எண்ணை மாற்றாமல் 215/45 ஆர்18 டயரைப் பொருத்தினால் என்ன ஆகும்? மொத்த விட்டம் 650.7 மி.மீ. ஆகிவிடும், 4 விழுக்காடு கூடுதல். வேகமானி 100 என்று காட்டும்போது, முன்பு இருந்ததைவிடக் கார் 4 கி.மீ. கூடுதல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குமுறை வகுத்த நெறி. அதற்காகவே தயாரிப்பாளர்கள் சற்றுக் கூட்டிக் காட்டும்படி வேகமானியை அமைக்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு இடைவெளியைப் பெரிய சக்கரம் விழுங்கிவிடுகிறது.

பாதிப்பு வேகமானியோடு முடிவதில்லை. சக்கரத்தின் ஆரம் கூடினால், அதே அளவு பிரேக் அழுத்தத்துக்குச் சாலையில் கிடைக்கும் தடுப்பு விசை அதே விகிதத்தில் குறைகிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பும், கார் சறுக்காமல் காக்கும் நிலைப்புக் கட்டுப்பாட்டு அமைப்பும் சக்கரங்களின் சுழற்சி வேகத்தை வைத்தே முடிவெடுக்கின்றன. அவற்றின் கணிப்பொறி, தொழிற்சாலை குறித்த விட்டத்தையே நம்பியிருக்கிறது. ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணும் பொய்யாகிவிடும்; 52,000 கி.மீ. ஓடிய கார் 50,000 என்று காட்டும். பழைய கார் வாங்குபவர் இதை எப்படி அறிவார்?

பெரிய சக்கரத்துக்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1960-களில் வெளிவந்த முதல் போர்ஷே 911 கார் 15 அங்குலச் சக்கரத்தில் 165 மி.மீ. அகல டயர்களுடன் ஓடியது. இன்றைய 911 கரேராவின் பின்சக்கரம் 20 அங்குலம். டயரின் அகலம் 295 மி.மீ. இடைப்பட்ட காலத்தில் எஞ்சினின் ஆற்றல் மும்மடங்காகியிருக்கிறது. அந்த வேகத்தைத் தணிக்கப் பெரிய பிரேக் தட்டுகள் தேவை; அவை அடங்கப் பெரிய ரிம் தேவை. பக்கச்சுவர் குட்டையாக இருந்தால் திருப்பங்களில் டயர் குறைவாக வளையும். திருப்பியதற்குக் கார் உடனே இணங்கும். இவை மெய்யான பலன்கள்.

ஆனால், அந்தப் பலன்களுக்கு விலை உண்டு. ரிம் பெரிதானால் பொதுவாக எடை கூடும். அதிலும், சுற்றளவின் ஓரத்தில் கூடும் எடை காரை முடுக்குவதையும் நிறுத்துவதையும் கடினமாக்கும். சக்கரமும் டயரும் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் சுமை; அது கூடக்கூட, மேடுபள்ளத்தில் டயர் சாலையை விட்டுத் துள்ளும் நேரமும் கூடும். ஃபார்முலா ஒன் விதிகள் எடையையும் அகலத்தையும் சேர்த்தே குறைத்ததற்கு இத்தகைய கணக்குகளே காரணம்.

அகலமான டயர் சாலையில் அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. ஒரு டயர் தாங்கும் எடையும் அதன் காற்றழுத்தமும் மாறாதவரை, சாலையில் பதியும் பரப்பு ஏறத்தாழ மாறுவதில்லை. அதன் வடிவமே மாறுகிறது. நீண்டு குறுகியிருந்த தடம், அகன்று குட்டையாகிறது. உலர்ந்த சாலையின் திருப்பங்களில் இது நன்மை தரும். தண்ணீர் தேங்கிய சாலையிலோ, அகன்ற தடம் நீரைப் பிளந்து செல்லத் திணறும். குறைந்த வேகத்திலேயே டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையின் சாலைகளையும் நெடுஞ்சாலைகளையும் கண்டவர்களுக்கு இதன் பொருள் புரியும்.

பள்ளங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 215/45 ஆர்17 டயரின் பக்கச்சுவர் 97 மி.மீ. உயரம் கொண்டது. அகலம் 225, விகிதம் 35 என்று போனால் அது 79 மி.மீ. ஆகச் சுருங்கும். பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் சாலைக்கும் இடையே இருக்கும் மெத்தை அவ்வளவுதான். பக்கச்சுவர் நசுங்கி உள்ளிழைகள் அறுந்தால், டயரின் ஓரத்தில் ஒரு புடைப்பு தோன்றும். அந்த டயர் எந்த வேகத்தில், எந்த நேரத்தில் வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர்கள் பூண்ட கார்களில் சக்கரங்களை இடம்மாற்றிப் பொருத்தவும் முடியாது. டயர் அழுத்தம் காட்டும் கருவியும் பழுதுபார்ப்புப் பெட்டியும் இருந்தால் உபரிச் சக்கரம் தேவையில்லை என்று 2020 ஆம் ஆண்டிலேயே விதி தளர்த்தப்பட்டுவிட்டது. கிழிந்த பக்கச்சுவரை அந்தப் பெட்டியால் அடைக்க இயலாது.

நல்ல ஸ்போர்ட்ஸ் கார்களை வடிவமைத்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 1996 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த பிரிட்டனின் லோட்டஸ் எலிஸ், ஓட்டுவதற்கு மிக இனிய கார்களில் ஒன்றாக இன்றும் போற்றப்படுகிறது. அதன் முன்சக்கர டயரின் அகலம் 185 மி.மீ., பின்சக்கர டயரின் அகலம் 205 மி.மீ. மட்டுமே. எடை குறைந்த காருக்கு அதுவே போதும் என்று அதன் பொறியாளர்கள் தீர்மானித்தார்கள். ஜிஆர்86 காரின் முன்னோடியான ஜிடி86 கார், டொயோட்டாவின் ப்ரியஸ் ஹைபிரிட் காரிலும் பயன்பட்ட வகை டயர்களுடன் 2012 ஆம் ஆண்டில் வெளிவந்தபோது பலர் வியந்தனர். அளவான பிடிமானமே ஓட்டுநருக்குக் காரின் எல்லையை முன்கூட்டியே உணர்த்தும் என்பது அதன் பின்னிருந்த சிந்தனை.

நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றல் செல்லும் நிசான் ஜிடி-ஆர் இன்னொரு பாடம் தருகிறது. அதன் முன்டயர் 255/40, பின்டயர் 285/35. இரண்டும் 20 அங்குலம். அகலத்தில் 30 மி.மீ. வேறுபாடு. ஆனால் மொத்த விட்டங்கள் 712 மி.மீ., 707.5 மி.மீ. எனக் கிட்டத்தட்டச் சமமாக அமைந்திருக்கின்றன. இந்த விகிதம் குலைந்தால் முன்பின் சக்கரங்களின் சுழற்சி ஒத்துப்போகாமல், ஆற்றலைப் பகிரும் பகுதிகள் ஓயாமல் தேய்ந்துகொண்டே இருக்கும். ஒரே ஒரு டயரைப் புதிதாக மாற்றுவதற்குக்கூட இத்தகைய கார்களில் கணக்குப் பார்க்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2013 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கரும் அவருடைய நண்பரும் போர்ஷே கரேரா ஜிடி கார் விபத்தில் உயிரிழந்தனர். அளவுக்கு மீறிய வேகமே முதன்மைக் காரணம் என்று கூறிய லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டக் காவல் துறை, அந்தக் காரின் டயர்கள் ஒன்பது ஆண்டுகள் பழையவை என்பதையும் குறிப்பிட்டது. டயர் எந்த வாரத்தில், எந்த ஆண்டில் உருவானது என்பதை நான்கு இலக்க எண்ணாக அதன் பக்கவாட்டிலேயே காணலாம். அளவைக் காட்டும் எண்ணைப் போலவே இதையும் படிப்பார் இல்லை.

இனி நம் சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். படிப்பதற்குக் கடுமையான சட்டம்தான்.

ஆனால், சிக்கல் எங்கே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். லாரி, பேருந்து போன்ற போக்குவரத்து வாகனங்களைப் பதிவுசெய்யும்போது ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள டயர்களின் எண்ணிக்கை, தன்மை, அளவு ஆகியவற்றைப் பதிவுச் சான்றிதழில் எழுத வேண்டும் என்று 58 ஆவது பிரிவு கட்டாயமாக்குகிறது. தனியார் காருக்கு அந்தப் பிரிவு அத்தகைய கட்டாயம் எதையும் விதிக்கவில்லை. சான்றிதழில் டயரின் அளவே எழுதப்படாதபோது, எது மாறுபாடு என்று எதனோடு ஒப்பிட்டுச் சொல்வது? சாலையில் நிற்கும் அதிகாரியின் கண்பார்வையே சட்டமாகிவிடுகிறது. ஒரு நகரத்தில் அபராதம் விதிக்கப்படும் மாற்றம், அடுத்த நகரத்தில் கண்டுகொள்ளப்படுவதில்லை.

டயருக்குத் தரக்கட்டுப்பாடு இல்லை என்பதும் இல்லை. 2009 ஆம் ஆண்டின் ஆணைப்படி டயர்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். உருளும்போது எழும் தடை, ஈரச்சாலைப் பிடிமானம், இரைச்சல் ஆகிய மூன்றுக்கும் 2022 ஆம் ஆண்டில் அளவுகோல்கள் அறிவிக்கப்பட்டன. டயரின் வரிப்பள்ளம் 1.6 மி.மீட்டருக்குக் கீழே தேயக் கூடாது என்பது கார்களுக்கான விதி. ஆக, டயர் தனியே சோதிக்கப்படுகிறது. கார் தனியே சோதிக்கப்படுகிறது. இவ்விரண்டும் ஒன்றுசேரும் இடமான டயர் கடையில் மட்டும் எந்தச் சோதனையும் இல்லை. விபத்துக்குப் பிறகு இழப்பீடு கோரும்போதுதான், தெரிவிக்கப்படாத மாற்றம் என்ற கேள்வியைக் காப்பீட்டு நிறுவனம் எழுப்பக்கூடும்.

ஜெர்மனி இதற்கு ஒரு நடைமுறையை வகுத்திருக்கிறது. அங்கே பெரிய சக்கரம் பொருத்துவது குற்றமாகக் கருதப்படுவதில்லை. சான்றில்லாமல் பொருத்துவதுதான் குற்றம். சந்தைக்கு வரும் சக்கரம் எந்தெந்தக் கார்களுக்கு, எந்தெந்த டயர் அளவுகளுடன், என்னென்ன நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பொருந்தும் என்று ஆவணத்துடன் விற்கப்படுகிறது. தேவைப்படும் இடங்களில், டூஃப் போன்ற அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு அமைப்பிடம் காரைக் காட்டிச் சான்று பெற வேண்டும். ஆபத்து விளைவிக்கும் மாற்றத்தைச் செய்து, சான்றும் பெறாவிட்டால் வாகனத்தை இயக்கும் அனுமதியே காலாவதியாகும். ஜப்பானிலும் அலாய் வீல்களுக்கெனத் தனித் தரநிலையும் முத்திரையும் உண்டு. ஆர்வலரின் விருப்பத்தையும் மற்றவர்களின் பாதுகாப்பையும் ஒருசேரக் காக்கும் வழி இது.

இத்தகைய ஏற்பாடு நமக்கு எட்டாததன்று. மணலியை ஒட்டிய திருவொற்றியூர் முதல் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை டயர் ஆலைகள் நிறைந்த மாநிலம் தமிழ்நாடு. ஒரகடத்திலேயே மத்திய அரசின் வாகன ஆய்வு மையம் இயங்குகிறது. தேவைப்படுவது தெளிவான நெறிமுறை மட்டுமே.

முதலாவதாக, ஒவ்வொரு கார் வகைக்கும் தயாரிப்பாளர் ஏற்றுக்கொள்ளும் எல்லாச் சக்கர, டயர் அளவுகளும் அரசின் வாகனப் பதிவுத் தளத்தில் வெளியிடப்பட வேண்டும். பதிவுச் சான்றிதழிலும் இடம்பெற வேண்டும். விலை கூடிய வகையில் தொழிற்சாலையே பொருத்தும் 18 அங்குலச் சக்கரத்தை, அதே காரின் விலை குறைந்த வகையில் பொருத்துபவரைக் குற்றவாளியாக்குவதில் பொருளில்லை. இரண்டாவதாக, மொத்த விட்டத்தில் அனுமதிக்கத்தக்க வேறுபாடு எவ்வளவு என்பதை விதியாகவே அறிவிக்க வேண்டும். எடை தாங்கும் எண்ணும் வேகக் குறியும் தயாரிப்பாளர் குறித்ததைவிடக் குறையக் கூடாது என்பதும், டயர் சக்கர வளைவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதும் அதில் அடங்க வேண்டும். மூன்றாவதாக, பொருத்தும் கடைக்காரர் கார் எண்ணையும் டயர் அளவையும் குறிப்பிட்டு ரசீது தர வேண்டும். இன்று தவறான அளவை விற்றவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. வாங்கியவர் மட்டுமே தண்டனைக்கு உள்ளாகிறார்.

விதி வரும்வரை உரிமையாளர்கள் செய்யக்கூடியது எளிது. ஓட்டுநர் பக்கக் கதவின் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும் அட்டையில் தயாரிப்பாளர் குறித்த டயர் அளவும் காற்றழுத்தமும் இருக்கும். புதிய சக்கரம் வாங்கும் முன் அதைப் படித்து, மொத்த விட்டத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அகலத்தை 100-ஆல் வகுத்து, விகித எண்ணால் பெருக்கி, அதை இரட்டித்து, ரிம்மின் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கிக் கூட்டினால் விடை கிடைக்கும். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். விடை பழைய விட்டத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் அந்தச் சக்கரம் அந்தக் காருக்கு உரியதன்று.

2022 ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை தெரிவிக்கிறது. அவற்றில் சக்கர அளவால் நேர்ந்தவை எத்தனை என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அந்த விவரத்தைக் குறித்துவைக்கும் ஏற்பாடே நம்மிடம் இல்லாதபோது எண்ணிக்கை எங்கிருந்து வரும்? காரையும் சாலையையும் இணைப்பது நான்கு டயர்கள் மட்டுமே. அவை ஒவ்வொன்றும் தரையில் பதியும் இடம் ஓர் உள்ளங்கை அகலம்தான். எதிரே வரும் இருசக்கர வாகன ஓட்டியின் உயிரும், சாலையைக் கடக்கும் முதியவரின் உயிரும் அந்த உள்ளங்கை அகலப் பிடிமானத்தை நம்பியே இருக்கின்றன. லாரியின் டயர் அளவை எழுதிவைக்கக் கட்டளையிட்ட சட்டம், மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் செல்லவல்ல காரின் டயர் அளவையும் எழுதிவைக்கச் சொல்வதில் தாமதம் கூடாது.